நேற்றைய சுண்ணாம்பு

தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு பனை தனியே நின்றது. மற்றப் பனைகளெல்லாம் ஊருக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்க, இது மட்டும் செம்மண் மேட்டின் மேல் விலகி நின்றது. அதன் உச்சியில், சீவிய பாளையின் நுனியில், ஒரு மண் கலயம் தொங்கியது.

அந்தக் கலயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. மாசிலாமணி என்ற பனையேறி ஊரிலுள்ள முப்பது மரங்களில் பதநீர் இறக்கினான். இந்த ஒரு மரத்தில் மட்டும் யாருக்கும் தெரியாமல் கள் இறக்கினான். விற்பதற்கு இல்லை, தனக்கு. பாளையிலிருந்து சொட்டுவது எல்லா மரத்திலும் ஒரே பால்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்பாகவே நிற்கும், பதநீர். தடவாமல் விட்டால் வெயில் ஏற ஏற நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். முப்பது கலயங்களுக்கும் தினம் சுண்ணாம்பு தடவிய அதே விரல் இந்தக் கலயத்துக்கு ஒரு நாளும் தடவியதில்லை.

கள்ளில் தொடங்கியவன் கடைப் பாட்டிலில் போய் நின்றான். அவன் மனைவி ஞானப்பூ ஒரு நாள் மகளையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் திரும்பி வருவாள் என்று நினைத்திருப்பான். அவள் சண்டை போடவில்லை. வாசலைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவன் மிஷன்காரர்கள் நடத்திய குடிமீட்பு இல்லத்தில் நாற்பது நாள் இருந்தான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக இந்த மரத்தில் ஏறி, கலயத்தைக் கழற்றிக் கீழே கொண்டுபோய், வெந்நீர் ஊற்றி, மணல் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு தடவி மறுபடியும் கட்டினான். உடைத்துப் போட்டிருக்கலாம். ஏன் உடைக்கவில்லை என்று பனை கலயத்திடம் கேட்டது.

சுண்ணாம்பு எரிந்தது. அதைத்தான் கலயம் முதலில் தெரிந்துகொண்டது. இத்தனை வருஷம் புளிப்பில் ஊறிய சுவர் அது. அதன் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளிலெல்லாம் நுரை குடியிருந்தது. சுண்ணாம்பு பட்டதும் நுரை முனகிக்கொண்டே உள்ளே உள்ளே போய்ச் சுருண்டு படுத்துவிட்டது.

காலையிலும் மாலையிலும் மாசிலாமணி ஏறி வருவான். சேர்ந்த பாலைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பாளையைச் சீவி, விரலில் சுண்ணாம்பை எடுத்துக் கலயத்தின் உள்ளே சுற்றித் தடவுவான். தடவும்போது ஏதாவது ஒன்றுக்காக ஆண்டவருக்கு நன்றியாக ஸ்தோத்திரம் சொல்லுவான். இல்லத்தில் இருந்த ஒரு நர்ஸ் பழக்கிவிட்டது. ஒவ்வொரு நேரமும் ஒன்று போதும், ஆனால் அது அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், நேற்றுச் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாளாம்.

ஆரம்பத்தில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. மரத்தின் உச்சியில் விரலில் சுண்ணாம்போடு யோசித்துக்கொண்டே நிற்பான். பிறகு கிடைக்கத் தொடங்கியது. கை நடுங்காமல் சட்டைப் பித்தான் போட்டதற்கு ஒரு நாள். நாய் அவனைப் பார்த்துக் குரைக்காததற்கு ஒரு நாள். ரேஷன் கடையில் பின்னால் நின்றவர் அவனிடம் பேச்சுக் கொடுத்ததற்கு ஒரு நாள். சாப்பிட்ட கஞ்சி வயிற்றில் நின்றதற்கு இரண்டு நாள் சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை சொன்னது கணக்கில் சேராது என்று தானே திருத்திக்கொண்டு வேறொன்று தேடினான்.

அவன் இறங்கிப் போனபிறகு கலயத்துக்குப் பகல் முழுக்கத் தனிமை. மேலே வானம், கீழே செம்மணல், நடுவில் சொட்டுச் சொட்டாக விழும் பால். பனை பேசும், ஆனால் அது தூரத்தில் நடப்பதைப் பற்றித்தான் பேசும். சுண்ணாம்பு கேட்டால் மட்டும் பேசும்.

ஒரு நாள் கலயம் கேட்டது, இப்படி எரிக்கிறாயே, உனக்கு என்மேல் என்ன கோபம் என்று.

"கோபம் ஒன்றும் இல்லை," என்றது சுண்ணாம்பு. "நாங்கள் கடலில் சிப்பியாக இருந்தவர்கள். சூளையில் போட்டு எரித்தார்கள். பிறகு தண்ணீர் ஊற்றினார்கள், அப்போதுதான் அதிகமாகக் கொதித்தோம். எங்களிடம் வேறு என்ன இருக்கும்?"

"எத்தனை நாளைக்கு இது?"

"என் உறைப்பு இன்றைக்கு மட்டும். நாளைக்கு நான் வெறும் வெள்ளை. நாளைக்கு வேறு சுண்ணாம்பு வரும்."

கலயத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவை எரிந்து முடிந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் புதிதாக எரிய வேண்டுமென்றால், இதற்கு முடிவு எங்கே? பழைய நாட்களை அது நினைத்துக்கொள்ளும். நுரை பொங்கிப் பொங்கிப் பாடும். வெயில் ஏறினால் உள்ளே ஒரு கூட்டமே கூடி நிற்பதுபோல இருக்கும். நல்லதோ கெட்டதோ, அப்போது அது தனியாக இருந்ததில்லை.

நாள் ஆக ஆகச் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு படிந்து கலயத்தின் உட்புறம் வெள்ளை வெளேரென்று ஆனது. எட்டிப் பார்க்கும் காக்கைக்குக்கூடக் கண் கூசும். கலயத்துக்கு அதில் ஒரு பெருமை வந்தது. முப்பது கலயத்தில் ஒன்றுகூட என் அளவுக்கு வெளுத்திருக்காது என்று பனையிடம் சொன்னது. இருக்கலாம் என்றது பனை. அது ஒப்புக்கொண்ட விதம் கலயத்துக்குத் திருப்தியாக இல்லை.

மாசிலாமணி இல்லத்திலிருந்து திரும்பி வந்து, குடிக்காமல் நூறு நாள் ஆனது. நூறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வேதக் கோயிலில் ஆராதனையின்போது அவன் குடியை விட்ட கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் ஏற்பாடு செய்திருந்தார். ஞானப்பூவும் அவள் அண்ணனும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்று விடிந்ததும் வந்துவிட்டான். தலை வாரி எண்ணெய் வைத்திருந்தான். பாலை ஊற்றினான், பாளையைச் சீவினான், சுண்ணாம்புப் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் தன் விரலைப் பார்த்தான். முந்தின இரவு தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்து நகக்கண்ணிலிருந்த வெள்ளையையெல்லாம் எடுத்திருந்தான். கோயிலில் எல்லாரும் கை கொடுப்பார்கள். மைக்கைப் பிடிக்க வேண்டும்.

கலயத்துக்குள் எட்டிப் பார்த்தான். பளீரென்று வெள்ளை.

"இன்னைக்கு இதுவே போதும்," என்றான். பெட்டியை மூடினான். ஸ்தோத்திரமும் சொல்லவில்லை. "அதான் கோயில்ல போய் மொத்தமாச் சொல்லப் போறேனே."

அவன் இறங்கினான். கலயம் நூறு நாளில் முதல் தடவையாக எரிச்சல் இல்லாமல் பாளையில் தொங்கியது. என்ன சுகம் என்று நினைத்தது.

"நான் நேற்றைய சுண்ணாம்பு," என்று சுவரிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "என்னை நம்பாதே. பார்க்கத்தான் வெள்ளை."

கலயம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வெயில் ஏறியது. பால் சொட்டியது. எட்டு மணி வாக்கில் கலயத்தின் அடிச்சுவரில் யாரோ சோம்பல் முறிப்பதுபோல இருந்தது. ஒரு சின்னக் குமிழி மேலே வந்து உடைந்தது.

"மாப்ள," என்றது நுரை. "சௌக்கியமா?"

கலயம் திடுக்கிட்டது. பிறகு, தான் திடுக்கிட்டதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டதைத் தெரிந்துகொண்டது. எங்கே போயிருந்தாய் என்று கேட்டது. எங்கும் போகவில்லை, உன் சுவருக்குள்தான் படுத்திருந்தேன், நீதான் மேலே வெள்ளையடித்துக்கொண்டு ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தாய் என்றது நுரை. அதன் பேச்சுக்குக் கலயம் சிரித்தது. எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறது. ஒரு குமிழி பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. நுரை பழைய கதைகளையெல்லாம் சொன்னது. மாசிலாமணி ஒரு தடவை போதையில் பாதி மரத்தில் நின்றுகொண்டு பனைக்கே ஞானஸ்நானம் கொடுக்கப் பார்த்ததைச் சொன்னபோது பனைகூட ஓலையை அசைத்தது.

அப்போது கோயில் கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து மாசிலாமணியின் குரல் கேட்டது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னையோட நூறு நாளாச்சு. ஆண்டவர் என் ஆசையை வேரோட பிடுங்கி எறிஞ்சிட்டார். அந்த வாசனை வந்தாலே இப்ப எனக்குக் குமட்டுது. பழைய மாசிலாமணி செத்துட்டான்."

கூட்டம் ஆமென் என்றது. குழாய் கீச்சிட்டது.

நுரை விழுந்து விழுந்து சிரித்தது. "கேட்டியா மாப்ள, நமக்கு அடக்க ஆராதனை நடக்கு. பெட்டியில வச்சு ஆணி அடிச்சாச்சு. செத்தவனுக்கு யாரு காவல் இருக்கப் போறா?"

கலயமும் சிரித்தது. ஆனால் அந்தக் குரலில் ஏதோ ஒன்று அதற்கு நெருடியது. நூறு நாளாகத் தன்னிடம் கேட்ட குரல் அது இல்லை. பித்தானுக்கும் நாய்க்கும் ஸ்தோத்திரம் சொன்ன குரல் தடுமாறித் தடுமாறி வரும். இது தங்குதடையில்லாமல் வந்தது.

ஆராதனை முடிந்தது. என்ன நடக்கிறது என்று கலயம் கேட்க, பனை கழுத்தை நீட்டிப் பார்த்துச் சொன்னது.

"கை குடுக்காங்க. வரிசையா நின்னு கை குடுக்காங்க. உபதேசியார் தோள்ல தட்டுதாரு. ஞானப்பூ வேப்பமரத்தடியில நிக்கா. இவன் கிட்டப் போறான். என்னமோ கேக்கான். அவ ஒரு வார்த்தை சொல்லுதா, சின்னதா. அண்ணன்காரன் குடையை விரிக்கான். பஸ் வந்துட்டு."

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

பனை கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தது. கலயம் திரும்பவும் கேட்டதும் சொன்னது. "எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. இவன் மட்டும் கோயில் வாசல்ல நிக்கான். செருப்பைத் தேடுத மாதிரி குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கான். செருப்பு கால்லதான் கெடக்கு."

அன்று அவனுக்குக் கை கொடுத்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவரும் இவனை வேறு யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தார்கள். தவிர, அவன்தான் குணமாகிவிட்டானே. முன்பெல்லாம் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட அன்றைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை என்று இருந்துவிட்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் மரத்தடிக்கு வந்தான்.

"வாரான்," என்றது நுரை. இப்போது அது கலயத்தின் வாய்வரை பொங்கி நின்றது. அதன் குரலில் சிரிப்பு இல்லை. "பேசாம இரு மாப்ள. அவன் வந்து எடுத்துக்கிடுவான்."

அவன் ஏறினான். பாதி மரத்தில் நின்றுவிட்டான். வாசனை அவனை எட்டியிருந்தது. குமட்டுகிறது என்று காலையில் மைக்கில் சொன்னவன், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சு விரிய மூச்சை உள்ளே இழுத்தான். அப்புறம் விறுவிறுவென்று ஏறினான்.

மேலே வந்து மட்டையில் உட்கார்ந்து கலயத்தை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். அதன் முகத்துக்கு நேரே அவன் முகம் இருந்தது. கலயம் அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தது. காலையில் வைத்த எண்ணெய் வழிந்து நெற்றியில் புழுதியோடு சேர்ந்திருந்தது.

"நூறு நாள்தானேன்னு கேட்டுட்டா," என்றான் அவன், கலயத்திடமா தன்னிடமா என்று தெரியாமல். "அவ்வளவுதான் கேட்டா. அவ சொன்னதும் சரிதானே. நூறு நாள்தானே."

கலயத்துக்கு மனம் என்னவோ செய்தது. பகல் முழுக்க நான் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்ததுபோல இருந்தேனே, இவன் எங்கே இருந்தான் என்று நினைத்தது. இவனை என்ன செய்யலாம் என்று நுரையிடம் கேட்டது.

"என்ன செய்யணும்? குடிக்கட்டும். இன்னைக்கு ஒரு கலயம், நாளைக்கு ரெண்டு. விஷயம் தெரிஞ்சா அவ வரவே மாட்டா. ஊர்லயும் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

"அப்புறம் இவன் தனியாத்தானே கிடப்பான்?"

"கிடக்கட்டும்," என்றது நுரை. "அவன் தனியாக் கிடந்தாத்தான் நமக்குப் பொழப்பு."

கலயம் அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. தன் தனிமைக்குத் துணை என்று எதைக் கொண்டாடியதோ, அது தின்று வளர்வதே தனிமையைத்தான். தன்னுடையதையும், இவனுடையதையும்.

மாசிலாமணி இரண்டு கையாலும் கலயத்தைத் தூக்கினான். அதன் விளிம்பு அவன் உதட்டில் பட்டது.

கலயத்துக்குக் கை இல்லை, கால் இல்லை. கவிழவும் முடியாது, அவன் பிடி அவ்வளவு இறுக்கம். அதனிடம் இருந்தது ஒன்றே ஒன்று, உட்புறத்து வெள்ளை. நூறு நாளாகச் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் என்ன செய்வான் என்றும் கலயத்துக்குத் தெரியும். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஓட்டாஞ்சில்லுகூட மிஞ்சாது.

நேற்றைய சுண்ணாம்பு கேட்டது, "விடப் போகிறாயா?"

"விடுகிறேன்," என்றது கலயம்.

அது தன் வெள்ளையைப் பிடித்திருந்த பிடியை விட்டது. சுவரிலிருந்து காறை காறையாகச் சுண்ணாம்பு பெயர்ந்து கள்ளில் விழுந்தது. அவன் வாயில் வாங்கிய முதல் மடக்கோடு ஒரு பெரிய பொருக்கும் சேர்ந்து நாக்கில் போய் ஒட்டியது. வறண்ட, செத்த சுண்ணாம்பு. அவன் இருமினான். துப்பினான். மறுபடியும் துப்பினான். பிறகு கலயத்துக்குள் பார்த்தான்.

வெள்ளை பெயர்ந்த இடமெல்லாம் கறுப்பும் பழுப்புமாகப் பழைய கறை. நுரை அந்தக் கறையிலிருந்துதான் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது.

அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு எழுந்து நின்றான். கலயத்தை மரத்துக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். கீழே செம்மணல் சின்னதாகத் தெரிந்தது. கலயம் காத்திருந்தது. பனை ஓலையை அசைக்காமல் நின்றது.

அவன் பிடி தளரவில்லை.

"உன்னை உடைச்சிடலாம்," என்றான். "உடைச்சிட்டு என்னை என்ன செய்ய?"

கலயத்தைக் கவிழ்த்தான். கள் நீளமாக ஒரு கயிறுபோல விழுந்து மணலில் மறைந்தது. பிறகு மட்டையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த சுண்ணாம்புப் பெட்டியைத் திறந்து, விரலை முக்கி எடுத்தான். விரலைக் கலயத்தின் வாயருகே கொண்டுவந்தவன் அப்படியே நிறுத்தினான். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்ததற்கு. அன்றைக்கு நடந்தது அவனுக்குத் தெரியும். ஞானப்பூ பஸ் ஏறிப் போனாள், பகல் முழுக்கப் பட்டினி, வாயில் இன்னும் கள் மணக்கிறது. அவன் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. கோயிலில் தங்குதடையில்லாமல் பேசியவன் இங்கே ஒரு வார்த்தைக்குத் திணறினான்.

"ஆண்டவரே," என்றான் கடைசியில். "காலையில மைக்ல நான் சொன்னது பொய். பழையவன் சாகல. அது பொய்யின்னு இன்னைக்கே எனக்குக் காட்டினீங்களே. அதுக்கு ஸ்தோத்திரம்."

கறையின் மேல், பெயர்ந்த இடத்தின் மேல், விரலைச் சுற்றித் தடவினான். புதுச் சுண்ணாம்பு பச்சைப் புண்ணில் பட்டதுபோல எரிந்தது. நுரை சுருண்டு உள்ளே போனது. சாகப் போகவில்லை என்று கலயத்துக்குத் தெரியும். படுத்துக்கொள்ளத்தான் போகிறது.

கலயத்தைக் கட்டிவிட்டு அவன் இறங்கினான். மரத்தடியில் நின்று மடியிலிருந்து போனை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காதில் வைத்தான். காற்று அடங்கியிருந்ததால் அவன் குரல் மேலே வரைக்கும் வந்தது.

"ஞானப்பூ, நான்தான். கோயில்ல சொன்னதை நம்பிராத. நூறு நாள் இல்ல. இன்னைக்கு ஒரு வாய் குடிச்சிட்டேன். துப்பிட்டேன், ஆனா குடிச்சேன். நீ வரணும்னு சொல்லக் கூப்பிடல. உங்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு, அதான்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். கீழே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பாளையிலிருந்து புதுப் பால் ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் ஒன்று.

"அவ என்ன சொல்லுதா?" என்று கலயம் கேட்டது.

"கேக்கல," என்றது பனை.

"அழுதாளா? ஏசுதாளா?"

"தெரியல. இவன் பேசாம நிக்கான். காதுல இருந்து போனை எடுக்கல." பனை இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தது. "ஒண்ணு மட்டும் தெரியுது. அவ இன்னும் போனை வைக்கல."

அதற்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று கலயத்துக்குத் தோன்றியது. எரிச்சலோடு எரிச்சலாக, தட்டுத் தடுமாறி, அது சொன்னது.